சைக்கிளுக்கு ஒரு சரளைப் பாதை!

ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைத் தாண்டியதும் பெங்களூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது நசரத்பேட்டை. இது போன்ற ஊர்களில் அந்த நேரத்தில் ஒரு காட்சியைக் காணலாம். நகரத்திலிருந்து ஏழெட்டுப் பேர் சைக்கிளில் வந்து நிற்பார்கள். தலையில் கவசம். சைக்கிளின் முன்னால் பளிச்சென்று ஒரு விளக்கு. பெரிய ரோட்டை விட்டு இறங்கி, ஏரிப் பக்கம் போகும் மண்பாதையில் வண்டியைத் திருப்புவார்கள்.

அதே பாதையில் எதிரே இன்னொரு சைக்கிள் வரும். பழைய சைக்கிள். பின்னால் இரண்டு பால் கேன்கள். ஓட்டி வருகிறவர் தலையில் ஒரு துண்டு. விளக்கு இல்லை. மணி மட்டும் உண்டு.

இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். ஒரு சைக்கிளின் விலை பல ஆயிரம். சில சமயம் லட்சத்தையும் தாண்டும். மற்றதை விற்றால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். ஒருவர் பொழுதுபோக்குக்காகப் போகிறார். மற்றவர் பிழைப்புக்காகப் போகிறார்.

ஆனால் இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். அது அந்தப் பாதை!

அந்தப் பாதை இன்னும் எத்தனை நாள் இருக்கும்? இன்று நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

சரளை சைக்கிள் என்றால் என்ன?

மேல் நாடுகளில் ஒரு புதுப் பழக்கம் வேகமாகப் பரவி வருகிறது. தார் ரோட்டை விட்டு விலகி, சரளைக்கல் பாதையிலும் மண்பாதையிலும் நெடுந்தூரம் சைக்கிளில் போவதுதான் அந்தப் பழக்கம். சரளைக்கு ஆங்கிலத்தில் "கிராவல்" என்று பெயர். அதனால் இதை "கிராவல் சைக்கிளிங்" என்கிறார்கள். நாம் "சரளை சைக்கிள்" என்று சொல்லிக் கொள்வோம்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்தில் எம்போரியா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. சுற்றிலும் புல்வெளி. நடுவே சரளை ரோடுகள். 2006-ம் ஆண்டு அங்கே சிலர் ஒரு பந்தயம் வைத்தார்கள். சரளைப் பாதையில் 200 மைல் தூரம் சைக்கிளில் போக வேண்டும். அதாவது சுமார் 320 கிலோமீட்டர்! ஏதோ விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் அந்தச் சிற்றூருக்கு வருகிறார்கள்.

2022-ம் ஆண்டு சர்வதேச சைக்கிள் சங்கம் சரளை சைக்கிளுக்கு முதல் உலக சாம்பியன் போட்டியை இத்தாலியில் நடத்தியது. ஆண்களில் பெல்ஜியம் நாட்டு ஜியானி வெர்மீர்ஷும், பெண்களில் பிரான்சு நாட்டு போலின் பெரான் பிரெவோவும் வென்றார்கள். 2024-ல் பெல்ஜியத்திலும், 2025-ல் நெதர்லாந்திலும் இந்தப் போட்டி நடந்தது.

பணக்கார நாடுகளில் வழுவழுப்பான ரோடுகளுக்குப் பஞ்சம் இல்லை. பிறகு ஏன் கல்லையும் மண்ணையும் தேடிப் போகிறார்கள்?

காரணம் எளிது. நல்ல ரோட்டில் கார் இருக்கிறது, லாரி இருக்கிறது, புகை இருக்கிறது, உயிருக்குப் பயம் இருக்கிறது. சரளைப் பாதையில் இவை இல்லை. இரண்டு பக்கமும் வயல். காதில் காற்றுச் சத்தம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக் கொண்டே போகலாம்.

நமக்கு இது புதிதா?

"இதில் என்ன புதுமை? நாங்கள் பிறந்தது முதல் இப்படித்தானே போகிறோம்!" என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

சரளை சைக்கிளின் டயர் சாதாரணப் பந்தய சைக்கிளின் டயரை விடத் தடிமனாக இருக்கும். அகலம் 35 மில்லிமீட்டர் முதல் 50 மில்லிமீட்டர் வரை. அப்போதுதான் கல்லிலும் மண்ணிலும் புதையாமல் ஓடும்.

நம் ஊர்ப் பழைய சைக்கிளின் டயரைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பக்கத்தில் எழுதி இருக்கும்: 28 அங்குலம் உயரம், ஒன்றரை அங்குலம் அகலம். ஒன்றரை அங்குலம் என்றால் சுமார் 38 மில்லிமீட்டர்!

ஆக, மேல் நாட்டார் இன்று கண்டுபிடித்திருக்கும் டயரில்தான் நம் பால்காரரும், தபால்காரரும், கீரைக்காரரும் தலைமுறை தலைமுறையாக ஓட்டி வந்திருக்கிறார்கள். வித்தியாசம் இல்லாமல் இல்லை. புது சைக்கிள் எடை குறைவு. மேடு ஏற கியர் உண்டு. பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வேலை ஒன்றுதான். கல்லும் மண்ணும் உள்ள பாதையில் ஆளைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வேண்டும்.

சைக்கிளுக்கும் சென்னையின் மேற்குப் பகுதிக்கும் உறவு பழையது. 1949-ம் ஆண்டு முருகப்பா குடும்பத்தார் ஆங்கில நாட்டுக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை சைக்கிள் கேட்ட காலம் ஒன்று இருந்தது!

ஏரிகளின் நாடு

இந்தப் பகுதி தட்டையான பூமி. மலை இல்லை. பெரிய மேடும் இல்லை. வடக்கே கூவம் ஆறு. தெற்கே அடையாறு. நடுவே ஏரிகள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். மழைக் காலத்தில் தண்ணீரைத் தேக்கி, ஏரிக்குக் கீழே உள்ள வயல்களில் நெல் விளைவித்தார்கள்.

நசரத்பேட்டைக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. நிரம்பினால் 24 அடி ஆழம். 3,645 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும். வடக்கே ஜமீன் கொரட்டூரில் கூவத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு. அங்கிருந்து புது பங்காரு கால்வாய் வழியாக இந்த ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. குத்தம்பாக்கத்துக்கு அருகே நேமம் ஏரி. ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரி. இன்னும் சிறிய ஏரிகளும் குளங்களும் எத்தனையோ!

ஏரி இருந்தால் கரை இருக்கும். கால்வாய் இருந்தால் அதற்கும் கரை இருக்கும். கரை இருந்தால் அதன் மேல் ஒரு பாதை இருக்கும். மடையைத் திறக்க ஆள் போக வேண்டும் அல்லவா? வயலுக்கு எரு கொண்டு போக வேண்டும். அறுத்த நெல்லைக் களத்துக்குக் கொண்டு வர வேண்டும். அதற்காக வண்டிப்பாதைகள் உண்டாயின. மாட்டு வண்டி போன சுவட்டில் பிறகு சைக்கிள் போயிற்று.

இந்தப் பாதைகளை யாரும் சைக்கிளுக்கென்று போடவில்லை. ஆனாலும் சைக்கிளுக்கு இதை விடப் பொருத்தமான பாதை வேறு இல்லை.

ஊர் மாறிய விதம்

காலம் சும்மா இருக்குமா? பெங்களூர் ரோடு அகன்றது. இன்று அது சென்னையிலிருந்து பெங்களூர், மும்பை வழியாக டில்லி வரை போகும் 48-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. 1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள் வளர்ந்தன.

அடுத்து வெளிவட்டச் சாலை வந்தது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் நீளம். அது பெங்களூர் ரோட்டைச் சந்திக்கும் இடமே நசரத்பேட்டைதான். குத்தம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் எழுந்திருக்கிறது. பூந்தமல்லி வரை மெட்ரோ ரெயில் பாதைக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன.

இவை எல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தொழிற்சாலை வந்ததால் பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது. பஸ்ஸும் ரெயிலும் வந்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்லதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ரோடு அகல அகல, அதைத் தாண்டுவது கடினமாகி விட்டது. பெரியப்பா வீடு எதிர்ப் பக்கம் இருக்கும். கூப்பிட்டால் கேட்கும் தூரம். சைக்கிளில் போனால் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டுதான் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் வெகு தூரம் சுற்ற வேண்டும்.

2022-ம் ஆண்டு இந்தியாவில் ரோடு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். காரும் லாரியும் ஓட்டாதவர்கள், யாரையும் மோதாதவர்கள், இப்படிச் சாகிறார்கள்.

எனவே, "பெரிய ரோடு இருக்கிறதே, அதில் போனால் என்ன?" என்று சைக்கிள்காரரைக் கேட்பது சரியல்ல. அந்த ரோடு அவருக்காகப் போடப்பட்டது அல்ல.

பாதை எப்படி மறைகிறது?

பாதை ஒரே நாளில் மறைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மறைகிறது.

முதலில் வயலில் விவசாயம் நிற்கிறது. மாட்டு வண்டி போவதில்லை. பாதையில் கருவேல முள் வளர்கிறது. பிறகு வயல் மனைகளாகிறது. கல் நடுகிறார்கள். யாரோ ஒருவர் சுற்றுச்சுவரை இரண்டு அடி தள்ளிக் கட்டுகிறார். எதிரே இருப்பவர் மூன்று அடி தள்ளிக் கட்டுகிறார். வண்டி போன இடத்தில் இப்போது ஆள் மட்டும் போகலாம். ஒரு நாள் அதற்கும் கதவு போட்டு விடுகிறார்கள். இன்னோர் இடத்தில் கட்டிடம் இடித்த மண்ணைக் கொட்டுகிறார்கள். குப்பை லாரி வருகிறது. கால்வாயும் தூர்ந்து போகிறது. பாதையும் போகிறது.

பாதை போனால் தண்ணீருக்கும் வழி போகும். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. 2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி என்ன நடந்தது என்பதை இந்தப் பகுதி மக்கள் மறக்க முடியாது. பேய் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சென்னையில் பாதி ஊர் தண்ணீரில் நின்றது. கரையையும் கால்வாயையும் கவனிக்கும் ஆட்கள் தினமும் அந்தப் பக்கம் போய் வர வேண்டும். அதற்குப் பாதை வேண்டும்.

இந்தப் பாதைகள் யாருக்கும் சொந்தம் இல்லாதவை என்று நினைக்காதீர்கள். கிராமக் கணக்கில் "வண்டிப்பாதை", "ஏரி", "வாய்க்கால்" என்றெல்லாம் புறம்போக்கு நிலங்கள் பதிவாகி இருக்கின்றன. "அ" பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் பார்க்கலாம். ஏரிகளைக் காப்பாற்றவும், ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-ம் ஆண்டு தனிச் சட்டமே போடப்பட்டது. சட்டம் இருக்கிறது. பாதை இருந்தது என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

சைக்கிள் கொடுத்தோம். பாதை?

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கிறது. 2001-02-ம் ஆண்டு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம் இது. பிறகு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ம் வகுப்புப் படிக்கும் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

பீகார் மாநிலத்திலும் 2006-ம் ஆண்டு 9-ம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. அதனால் என்ன பலன் என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். அந்த வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 32 பங்கு கூடி இருந்தது! ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி நூற்றுக்கு 40 பங்கு குறைந்திருந்தது. பள்ளிக்கூடம் தொலைவாக இருந்த ஊர்களில்தான் அதிகப் பலன்.

ஒரு சைக்கிள் ஒரு பெண்ணின் தலையெழுத்தை மாற்றுகிறது என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டுமா?

நம் புதுக்கோட்டையில் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 1991-ம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு, பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். கூலி வேலை செய்த பெண்கள், கல் உடைத்த பெண்கள், அங்கன்வாடியில் வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் கற்றுக் கொண்டார்கள். முதலில் கேலி செய்தவர்கள் உண்டு. "பொம்பளை சைக்கிள் ஓட்டுவதா?" என்று கேட்டார்கள். பெண்கள் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகக் கணக்கு.

கையெழுத்துப் போடத் தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். பஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அண்ணனோ அப்பாவோ கொண்டு போய் விட வேண்டாம். இரண்டும் ஒரே விடுதலைதான்.

ஆனால் சைக்கிளைக் கொடுத்து விட்டு, அதை ஓட்ட லாரி போகும் ரோட்டைக் காட்டினால் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? "வேண்டாம் தாயி, ஷேர் ஆட்டோவில் போ" என்பார்கள். சைக்கிள் திண்ணையில் நிற்கும். டயரில் காற்று இறங்கும். பிறகு துரு ஏறும். தப்பு பெண்ணிடமும் இல்லை, பெற்றவர்களிடமும் இல்லை. தப்பு பாதையில் இருக்கிறது.

நெதர்லாந்து காட்டும் வழி

நெதர்லாந்தும் நம்மைப் போலத் தட்டையான நாடு. ஆறும் கால்வாயும் நிறைந்த நாடு. தண்ணீரைத் தடுக்க எங்கு பார்த்தாலும் கரை கட்டி இருக்கிறார்கள். பல கரைகளின் மேல் சைக்கிள் ஓடுகிறது.

அந்த நாடு எப்போதும் இப்படி இல்லை. ஒரு காலத்தில் அங்கேயும் காருக்காக எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்தார்கள். 1971-ம் ஆண்டு ரோடு விபத்தில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய்மார்கள் கொதித்து எழுந்தார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து!" என்பதே அவர்களுடைய இயக்கத்தின் பெயர். அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்துக் கொண்டது. இன்று அங்கே சைக்கிளுக்கென்று மட்டும் 30,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது.

கரை அவர்களிடமும் இருந்தது. நம்மிடமும் இருக்கிறது. வித்தியாசம், அவர்கள் கேட்டார்கள் என்பதுதான்.

தார் போட்டால் போதுமா?

இங்கே ஒரு கேள்வி வரும். "ஊருக்கு நல்ல ரோடு கேட்டு எத்தனை வருஷம் மனுக் கொடுத்தோம்! இப்போது மண்பாதையே இருக்கட்டும் என்கிறீர்களா? பட்டணத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்ப்பதற்காக நாங்கள் சேற்றில் மிதிக்க வேண்டுமா?"

நல்ல கேள்வி. நியாயமான கோபம்.

ஊருக்குப் போகும் முக்கிய ரோடு தார் ரோடாகத்தான் இருக்க வேண்டும். பஸ் வர வேண்டும். நோயாளிக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. நாம் பேசுவது இரண்டாவது பாதையைப் பற்றி. ஏரிக்கரை, கால்வாய்க்கரை, பழைய வண்டிப்பாதை ஆகியவற்றைப் பற்றி.

அங்கே தார் போட்டால் என்ன ஆகும்? முதல் வாரம் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டாவது வாரம் கார் வரும். மூன்றாவது வாரம் "இது நல்ல குறுக்கு வழி" என்று லாரி வரும். பால்காரர் ஓரத்துக்குத் தள்ளப்படுவார். ஏரிக்கரை மண்ணால் ஆனது. பெரிய பாரம் அதற்கு ஆகாது.

அப்படியானால் வெறும் மண்ணாகவே விட்டு விடலாமா? அதுவும் சரியல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் பாதை சேறாகி விடும். பள்ளிக்கூடம் போகும் பெண் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கொண்டா போவாள்?

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதுதான் சரளை! நல்ல செம்மண்ணும் சரளையும் கலந்து போட்டு, இறுக்கி, நடுவில் சற்று மேடாகவும் இரண்டு ஓரத்திலும் சரிவாகவும் அமைத்தால் தண்ணீர் தேங்காது. சக்கரம் புதையாது. தார் ரோட்டை விடச் செலவும் குறைவு. பள்ளம் விழுந்தால் ஊர் ஆட்களே இரண்டு கூடை சரளை கொட்டிச் சரி செய்யலாம். வழவழப்பு இல்லாததால் கார்காரர் வேகமாகப் போக ஆசைப்பட மாட்டார்.

மேல் நாட்டார் எதைத் தேடிப் போகிறார்களோ, அது நமக்கு அவசியத் தேவையாகவே இருக்கிறது!

இன்னொரு பக்கமும் அபாயம் உண்டு. அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் வேலி போட்டு, வாசலில் கதவு வைத்து, சீட்டுக் கொடுத்து, குறித்த நேரத்தில் மட்டும் திறப்பது. பூங்கா வேண்டும்தான். ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியைச் சுத்தம் செய்து, சுற்றி நடைபாதை போட்டு 2019-ம் ஆண்டு பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நகரத்து மக்களுக்கு அது ஒரு வரம். ஆனால் எல்லா ஏரியையும் அப்படிச் செய்ய முடியாது. விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறந்து புறப்படுகிறவருக்குப் பூங்காவின் கதவு திறந்திருக்காது. அவருக்கு வேண்டியது பூங்கா அல்ல, வழி.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, இருக்கும் பாதைகளைக் கணக்கு எடுப்பது. நம் ஊரில் வண்டிப்பாதை எத்தனை? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எது அடைபட்டிருக்கிறது? கிராம நிர்வாக அதிகாரியிடம் கணக்கு இருக்கிறது. ஊரில் உள்ள முதியவர்களுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே ஒரு விடுமுறையில் இதை வரைந்து விடலாம்.

இரண்டாவது, கிராம சபையில் பேசுவது. 2022-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை என்று ஏற்பாடாயிற்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்த நாட்கள். கிராம சபை உள்ள ஊர்களில் இந்தப் பாதைகளைக் காப்பாற்றத் தீர்மானம் கொண்டு வரலாம். நகராட்சியோடு சேர்ந்து விட்ட ஊர்களில் வார்டு உறுப்பினரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பாதையின் வாயில் இரண்டு கல்லை நடுவது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஆளும் போகலாம். காரும் லாரியும் நுழைய முடியாது. நீர்வளத் துறையின் வண்டி போக வேண்டிய இடத்தில் பூட்டுப் போட்ட குறுக்குக் கட்டை வைக்கலாம். செலவு பெரிதல்ல.

நான்காவது, பெரிய ரோட்டைத் தாண்டும் வழி. பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது நெடுஞ்சாலையில் வந்து முட்டி நின்றால் பயன் இல்லை. மேம்பாலமும் சுரங்கப்பாதையும் கட்டும்போது காரை மட்டும் எண்ணாமல் சைக்கிளையும் எண்ண வேண்டும். சரிவாகப் பாதை வைத்தால் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு போகலாம். படிக்கட்டு மட்டும் வைத்தால் சைக்கிள்காரர் என்ன செய்வார்?

ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு ஒரு சொல்

நகரத்திலிருந்து சைக்கிளில் வரும் நண்பர்களே! நீங்கள் வருவது நல்லதுதான். ஆள் நடமாட்டம் உள்ள பாதைதான் பத்திரமான பாதை. பாதையில் குப்பை கொட்டினால் நீங்கள் பார்ப்பீர்கள். யாராவது அடைத்தால் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எழுதவும் பேசவும் வசதி இருக்கிறது. அதைப் பால்காரருக்காகவும் பயன்படுத்துங்கள்.

ஆனால் சில வழக்கங்களைக் கடைப்பிடியுங்கள். வயல் வரப்பின் மேல் சைக்கிளை விடாதீர்கள். வரப்பு பாதை அல்ல. அது விவசாயியின் அணை. மழை பெய்து கரை நனைந்திருக்கும்போது ஏறாதீர்கள். சக்கரம் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் இறங்கினால் கரை பலவீனமாகும். குடிநீர் ஏரிகளில் "உள்ளே வரக் கூடாது" என்று பலகை இருந்தால் அதை மதியுங்கள். எதிரே பாரத்தோடு வருகிறவருக்கு வழி விடுங்கள். அவர் நின்றால் மறுபடி மிதிப்பது கஷ்டம். உங்களுக்குக் கஷ்டம் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறியாமல் வீட்டுக்கே கொண்டு போங்கள்.

குடும்பத்தோடு போக விரும்புகிறவர்களுக்கு விலை உயர்ந்த சைக்கிள் தேவையே இல்லை. வீட்டில் இருக்கும் சைக்கிளே போதும். பிரேக் கட்டையைப் பாருங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் உள்ள பாதை. எனவே பஞ்சர் ஒட்டும் சாமானும், காற்றடிக்கும் பம்பும் கூட இருக்கட்டும். பின்னால் சிவப்புக் கண்ணாடி அவசியம். வெயில் ஏறும் முன் எட்டு மணிக்கெல்லாம் திரும்பி விடுங்கள். பிள்ளைகளுக்கு மடை எது, கலங்கல் எது, வாய்க்கால் எது என்று காட்டுங்கள். குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

திங்கட்கிழமை காலை

ஜூன் 3-ந் தேதியை உலக சைக்கிள் தினமாகக் கொண்டாட வேண்டும் என்று 2018-ம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது. அன்று ஊர்வலம் நடக்கும். பேச்சு நடக்கும். படம் எடுப்பார்கள். நல்லதுதான்.

ஆனால் சைக்கிளுக்கு உண்மையான நாள் திங்கட்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போய் விட்ட பிறகு, அதே பாதையில் யார் போகிறார்கள் என்று பாருங்கள். தொழிற்சாலையில் இரவு முறை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் காவலாளி போகிறார். கீரைக் கட்டோடு ஒரு பாட்டியின் மகன் போகிறான். நீல நிற இலவச சைக்கிளில், பின்னால் தங்கையை உட்கார வைத்துக் கொண்டு, ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறாள்.

அவள் போகும் பாதையை நாம் காப்பாற்றினால், உலகத்து சைக்கிள்காரர்கள் எல்லாரும் ஓடி விளையாட அது போதும். உலகத்தாருக்காக மட்டும் ஒரு பாதை போட்டால், அவளுக்கு அது உதவாமலும் போகலாம்.

எனவே அவளிடமிருந்து தொடங்குவோம். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, உங்கள் ஊர் வண்டிப்பாதை எங்கே என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்!